கணவர் வெளிநாட்டில், மனைவிக்குத் தூக்கமில்லை, படபடப்பு: ஏக்கமா, நோயா? களப்பணியாளர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி | வைகைமுகம்

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்கிறவர்களுக்காக இதைக் கேட்கிறேன். இங்கே எந்தக் குழுவை எடுத்தாலும் சவூதி, துபாய், கத்தார், மலேசியா என்று வீட்டுக்காரர் வெளியே இருக்கும் பெண்கள் நிறையப் பேர். கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது: ராத்திரி தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை பாரம், உடம்பெல்லாம் வலி, கை கால் மரத்துப்போகிறது. இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல்.

"வீட்டுக்காரர் பக்கத்துல இல்லாத ஏக்கம்தான், வந்தா சரியாயிடும்" என்று மாமியாரும் சொல்கிறார், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். ஆனால் அவர் லீவில் வந்துபோன பிறகு இன்னும் மோசமாகிறவர்களும் உண்டு.

கேட்க விரும்புவது இவை. சாதாரணக் கவலை எது, வைத்தியம் தேவைப்படுவது எது என்று களத்தில் இருப்பவர் எப்படிப் பிரிப்பது? கூட்டுக் குடும்பத்தில் தனியாகப் பேச எப்படி வழி பண்ணுவது? மனநல மருத்துவரிடம் போனால் செய்தி வெளிநாட்டுக்குப் போய்விடும் என்ற பயத்துக்கு என்ன பதில்? வெளிநாட்டில் இருக்கும் கணவரை இதில் எப்படிச் சேர்ப்பது? "மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்பதைத் தாண்டிச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.


பதில் | மனநல சமூகப்பணி, மதுரை

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். கணவர் திரும்பி வருவது இதற்கு மருந்து இல்லை. பிரிவு வலிக்கும்தான், ஆனால் இந்தப் பெண்களை ஆண்டுக்கணக்கில் அரிப்பது பெரும்பாலும் வேறு. பிள்ளைக்கு நடுராத்திரி காய்ச்சல் கொதித்தால் ஆட்டோ பிடித்து ஓட வேண்டியவர் அவர். அதற்கு 3,000 ரூபாய் எடுக்க இன்னொருவரைக் கேட்க வேண்டியவரும் அவரே. பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில், முடிவெடுக்கும் அதிகாரம் வேறு யார் யாரிடமோ. அதற்கு மேல் எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்ற கண்காணிப்பு. மனதில் உள்ளதைச் சொல்ல ஆளும் கிடையாது. இவற்றில் எது அந்தப் பெண்ணை அழுத்துகிறது என்று பிரித்துப் பார்க்காமல் "ஏக்கம்" என்று மூடிவிட்டால் நோயும் நிற்காது, காரணமும் போகாது.

பிரித்துப் பார்க்க, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் போதும். தமிழிலேயே கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள்: எதிலும் நாட்டமில்லாமை, சோர்ந்த மனது, தூக்கம், அசதி, பசி, தன்னையே குறைவாக நினைப்பது, கவனம் சிதறுவது, உடம்பு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சாவதே மேல் என்ற நினைப்பு. இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. மொத்தம் 27. பத்துக்குக் கீழே என்றால் பேசுவது, ஆதரவு, இரண்டு வாரம் கழித்து மறுபடி கணக்கெடுப்பு. பத்தோ அதற்கு மேலோ என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இருபதைத் தொட்டால் நாள் கடத்தக் கூடாது. மதிப்பெண்ணோடு இன்னொன்றும் பாருங்கள்: வேலை நின்றுவிட்டதா? பிள்ளைக்குத் தலை சீவாமல் பள்ளிக்கு அனுப்புவது, அடுப்பு மூட்டாமல் கடையில் வாங்குவது, குழுக் கூட்டத்துக்கு வராமல் சந்தாவை மட்டும் கொடுத்தனுப்புவது, இதெல்லாம் தாளில் வராத அடையாளங்கள்.

கேள்விகளை வாசித்துக்கொண்டே போகாதீர்கள். உடம்பில் தொடங்குங்கள். "எத்தனை மணிக்குப் படுக்குறீங்க, எப்போ கண் அசருது, நடுவுல முழிச்சா என்ன ஓடுது?" என்று தூக்கத்தைப் பிடித்தால் மீதி தானாக வரும். நம் ஊரில் மனத்துயரம் முதலில் உடம்பு வழியாகத்தான் பேசும். அதை நடிப்பு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். அந்த வலி உண்மையான வலி.

ஒன்பதாவது கேள்விக்கு 1 வந்தால்கூட அங்கேயே நின்று நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணியிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் வளராது, சொல்ல ஒருவர் கிடைத்ததில் பாரம்தான் குறையும். வழியை யோசித்திருக்கிறார் என்றால் அன்று அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டில் உள்ள பூச்சி மருந்து, எலி மருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பேச அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 உண்டு: 24 மணி நேரமும், தமிழில், இலவசமாக. சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108.

அனுப்பும்போது இரண்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம்: ஹீமோகுளோபினும் டி.எஸ்.எச். என்கிற தைராய்டு பரிசோதனையும். தைராய்டு குறைந்தால் அசதி, மந்தம், அழுகை, எடை கூடுவது எல்லாம் மனச்சோர்வு போலவே இருக்கும். கூடினால் படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை; அது முற்றினால் மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் மனநல மாத்திரை மட்டும் கொடுத்தால் பாதிதான் குணம் தெரியும். மாறாக, இவை நார்மல் என்று வந்தபின் நாலாவது இ.சி.ஜி., ஐந்தாவது ஸ்கேன் என்று போவது "ஏதோ பெரிய நோயை மறைக்கிறாங்க" என்ற பயத்தைத்தான் வளர்க்கும்.

மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை எழுதினால் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: முதல் வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கலக்கம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நன்றான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் பத்தாவது நாளில் "ஒண்ணும் கேக்கல, வாந்திதான் வருது" என்று நிறுத்திவிடுவார்கள். வைத்தியம் முறிவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

மாத்திரை வரைக்கும் போகாத நிலையில் பேச்சு வழி உதவி நன்றாக வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ் முறையை டாக்டர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று நடத்தலாம். வாரம் ஒன்றாக 5 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். மூச்சை நிதானமாக்குவது, கையில் தீர்வு உள்ள பிரச்சினையை மட்டும் எடுத்து உடைப்பது, நின்றுபோன வேலையை மீண்டும் தொடங்குவது, துணைக்கு ஆள் சேர்ப்பது, இவ்வளவுதான் அதன் சாரம். இதில் மூன்றாவதைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். "பழையபடி தைக்க ஆரம்பிங்க" என்றால் சோர்ந்தவருக்கு அது மலை. முதல் நாள் மிஷின் மேல் குவிந்த துணியை எடுத்து மடிப்பது. அவ்வளவே. அடுத்த நாள் துடைத்து எண்ணெய் விடுவது. மூன்றாம் நாள் ஒரு தலையணை உறை. மனசு வந்தபிறகு வேலை என்று காத்திருக்கக் கூடாது. கை அசைந்த பிறகுதான் மனசு வரும்.

ரகசியம் பற்றி: 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளியின் தகவலை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. 18 வயது நிறைந்த பெண் மனநல மருத்துவரைப் பார்க்கக் கணவரின் கையெழுத்தோ அனுமதியோ தேவையில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான் (பிரிவு 115). மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் எந்தெந்த நாளில் எந்தெந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்ற அட்டவணையை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாங்கிக் குழு அலுவலகத்தில் ஒட்டிவிடுங்கள்.


பதில் | சமுதாய நலச் செவிலி

மேலே உள்ளவர் சொன்னதோட வீட்டுக்குள்ள போற வழியை நான் சேர்க்கிறேன்.

தனியா பேச நல்ல சாவி பி.பி. கருவி. ரத்த அழுத்தம் சரியா பார்க்கணும்னா அஞ்சு நிமிஷம் அமைதியா உட்காரணும், பக்கத்துல பேச்சு இருக்கக் கூடாது. இது உண்மையான விதி, சாக்கு கிடையாது. அதனால "அம்மா, முதல்ல உங்களுக்குப் பார்க்கிறேன்" என்று மாமியாருக்கு மரியாதையா பார்த்து, எண்ணைச் சொல்லி, மாத்திரை சாப்பிட்டாங்களான்னு கேட்டுட்டு, பிறகு மருமகளை உள் அறையில உட்கார வையுங்க. முதல் தடவை பத்து நிமிஷம் கிடைக்கும். அதுல எல்லாத்தையும் கேட்காதீங்க. தூக்கத்தைக் கேட்டுட்டு, "அடுத்த வாரம் பி.பி. மறுபடி பார்க்கணும்" என்று வழி வச்சுட்டு வாங்க.

மாமியாரை எதிரியா நினைச்சு நடந்தா கதவு மூடிடும். அவங்க மகனும் கண்ணுக்கெட்டாத தூரத்துலதான் இருக்கான். பலர் தாங்களே வயசுல இப்படித் தனியா கிடந்தவங்க, "நாங்க இருக்கலையா" என்பது அதனாலதான் வருது. அவங்ககிட்ட நோயின் பேரைச் சொல்லிச் சண்டை போடத் தேவையில்லை, பொய்யும் வேண்டாம். "தூக்கம் ரொம்பக் கெட்டிருக்கு, இது தைராய்டு மாதிரி வைத்தியத்துக்குக் கேட்கிற நோய், விட்டா பிள்ளைகளைக் கவனிக்க முடியாம போயிடும்" என்றால் புரிஞ்சுக்குவாங்க. பேரப்பிள்ளை என்ற இடத்துல எல்லாருமே இறங்கி வருவாங்க.

வெள்ளைப்படுது, இடுப்பு வலிக்குது என்று திரும்பத் திரும்ப வர்ற பெண்களைக் கவனிங்க. தொற்று இருக்கான்னு பார்க்கணும், இருந்தா வைத்தியம் பண்ணணும், அதுல சந்தேகமே இல்லை. தொற்று இல்லாம தொடர்ந்தா மனநிலைக் கேள்வியைக் கேளுங்க. கோவாவில மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழு பெண்களிடையே பண்ணின ஆய்வில வெள்ளைப்படுதல் புகாருக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்கும் நெருங்கின தொடர்பு தெரிஞ்சது. நம்ம பக்கம் இது வெளியே சொல்ல முடியாத விஷயம். வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத பெண் இந்தப் புகாரோட வந்தா பார்வையாலேயே சந்தேகப்படுற ஊழியர்களும் இருக்காங்க. அந்த ஒரு பார்வை போதும், அடுத்த தடவை வரமாட்டாங்க.

பிரசவத்துக்குப் பிறகு உள்ள மாதங்கள் தனி ஆபத்து. தாய் வீட்டுல இருக்கிற வரை தாங்குவாங்க. மாமியார் வீட்டுக்குத் திரும்பின பிறகுதான் விழுவாங்க. அப்பா குழந்தை முகத்தைத் திரையில மட்டும் பார்த்திருப்பார். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் வந்தாகணும், அந்தப் புதன்கிழமைகள்ல பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வைப் பார்க்கிற எடின்பரோ கேள்வித்தாளைப் போட்டுடலாம். பத்துக் கேள்வி, மொத்தம் 30. 13ஓ அதுக்கு மேலயோ வந்தா மருத்துவர்கிட்ட அனுப்பணும். கடைசிக் கேள்வி தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் பற்றியது, அதுக்கு எந்த மதிப்பெண் வந்தாலும் அன்னிக்கே பேசணும். பிரசவமாகி இரண்டு மூணு வாரத்துக்குள்ள தூக்கமே இல்லாம, சம்பந்தமில்லாம பேசி, குழந்தையைப் பத்தி விபரீதமா சொன்னா அது சோர்வு இல்லை. தாயையும் குழந்தையையும் சேர்த்து உடனே மருத்துவமனை.


வைகைமுகம்

மிக்க நன்றி இருவருக்கும். இரண்டு சந்தேகம். சில பெண்கள் திடீரென்று மயங்கி விழுந்து கை கால் வெட்டுகிறது. வலிப்பு என்கிறார்கள், சிலர் பேய்க்கோளாறு என்று ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள். இன்னொன்று, மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லலாமா?


பதில் | மனநல சமூகப்பணி, மதுரை

மாத்திரையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தில் செய்யும் உதவி ஆபத்தாவது இதில்தான். அல்பிரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், நடுக்கம் வரும், வலிப்பே வரலாம். "உடனே நிறுத்துங்க" என்று நீங்கள் சொல்லவே கூடாது. தினம் எத்தனை, எவ்வளவு மில்லிகிராம், எத்தனை மாதமாக என்று குறித்து, அட்டையோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ குறைத்துக்கொண்டே வருவார்கள். இவை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள், சில வாரங்களுக்கு மேல் தொடரவும் கூடாது. தூக்கமின்மைக்குக் கீழே இருக்கும் சோர்வுக்கு வைத்தியம் தொடங்காமல் இதை மட்டும் குறைத்தால் திரும்ப அதே கடைக்குப் போவார்கள்.

மயக்கம்: முதல் முறை வந்தால் யாராக இருந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அருகில் இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுப்பது. கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எத்தனை நிமிடம், நாக்கின் ஓரம் கடிபட்டதா, சிறுநீர் போனதா, தூக்கத்தில் வந்ததா என்று மருத்துவர் கேட்பார். கண்ணை இறுக மூடி, விட்டு விட்டுப் பல நிமிடம் நீண்டு, ஆட்கள் இருக்கும்போது மட்டும் வந்தால் மன அழுத்தத்தால் வரும் மயக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை முடிவு செய்வது மருத்துவர் வேலை, இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். அந்த நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். கன்னத்தில் அறைவது, வெங்காயத்தை மூக்கில் தேய்ப்பது, கூட்டம் கூடி நிற்பது எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மன அழுத்தத்தால் வருவது என்று உறுதியானாலும் அது வேஷம் இல்லை. வாயால் சொல்ல முடியாத நெருக்கடி உடம்பில் வெடிக்கிறது. மயக்கத்துக்கு முந்தின மணி நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: போன் வந்ததா, யார் வந்தார்கள், என்ன பேச்சு. சில வாரத்தில் ஒழுங்கு தெரிந்துவிடும்.

தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதைத் தடுக்காதீர்கள். பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். ஏர்வாடியிலேயே அரசு மனநலச் சேவை இருக்கிறது. தடுக்க வேண்டியது கட்டிவைப்பதை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடித் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது.


பதில் | ஷார்ஜா பக்கம்

கணவரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தீங்க, சகோதரி. இந்தப் பக்கத்து நிலவரத்தைச் சொல்றேன்.

நேரம் முதல் பிரச்சினை. அமீரகமும் ஓமனும் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னாடி. சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னாடி. சவூதியில ஒருத்தர் டூட்டி முடிஞ்சு, குளிச்சு, சமைச்சுச் சாப்பிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டா ஊர்ல பன்னிரண்டரை. அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிற பெண் ஒன்றரை வரை பேசினா தூக்கம் எங்கேயிருந்து வரும்? தூக்கக் கோளாறு என்று டாக்டரைத் தேடுறதுக்கு முன்னாடி போன் நேரத்தைப் பாருங்க. வார நாள்ல பதினைஞ்சு நிமிஷம், ஊர் நேரம் ஒன்பதரைக்குள்ள. நீளமான பேச்சு அவரோட லீவு நாள்ல. வெயில் காலத்துல அமீரகத்துல ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை, டூட்டி நேரமே மாறிடும். அப்போ அழைப்பு நேரத்தையும் மாத்திப் பேசிக்கணும்.

போன் எடுக்கலைன்னா ரெண்டு பக்கமும் கற்பனை ஓடுது. அமீரகத்துல வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, போட்டிம் மாதிரி செயலிதான். கேம்ப்ல, அதாவது தொழிலாளர் தங்குமிடத்துல, நெட்டையும் நம்ப முடியாது. அதனால டூட்டி அட்டவணையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பணும், அறைத்தோழர் ஒருத்தர் நம்பர், சூப்பர்வைசர் நம்பர், கம்பெனி பேர், பாஸ்போர்ட், விசா, அந்த நாட்டு அடையாள அட்டை நகல் எல்லாம் மனைவி கையில இருக்கணும். "ஆன்லைன்ல இருந்தே, ஏன் எடுக்கல", "கேமராவை சுத்திக் காட்டு, யார் இருக்கா" என்று வீடியோவில ஆஜர் எடுக்கிறது பாசம் இல்லை. தினமும் விசாரணைக் கூண்டுல ஏறுற பெண்ணுக்குப் படபடப்பு வராம என்ன வரும்? லாஸ்ட் சீனை ரெண்டு பேரும் அணைச்சு வச்சா பாதிச் சண்டை நிக்கும்.

அவர் நிலைமையும் தெரியணும். ஒரு அறையில ஆறு பேர், எட்டு பேர். மனைவி அழுதா இவரால ஆறுதல் சொல்ல வாய் வராது, பக்கத்துக் கட்டில்ல ஆள் இருக்கும். "சரி சரி, வச்சிடு" என்பார். அவர் பாராமுகமா இருக்கிறதா ஊர்ல நினைப்பாங்க. இதுக்கு வாய்ஸ் மெசேஜ் நல்ல வழி. மொட்டை மாடியில, கடைக்குப் போற வழியில பேசி அனுப்பலாம். பணக்கணக்குப் பேச்சுக்கு வாரத்துல ஒரு நாள் ஒதுக்கிடுங்க. தினமும் போனை எடுத்ததும் கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், வட்டி என்றால் ரெண்டு பேருக்குமே போன் மணியே பயமாயிடும்.

நோயை எப்படிச் சொல்றது? தனியா, எழுத்துல, பழி இல்லாம, வேலையோட. இந்த மாதிரி:

"டாக்டர்கிட்ட காட்டினேன். தூக்கமும் மனசும் கெட்டிருக்கு, குணமாகக்கூடிய நோய்தான்னு சொன்னாங்க. மாத்திரை சில மாசம் சாப்பிடணும். உங்களால இல்லை. நீங்க ரெண்டு உதவி பண்ணணும்: மாத்திரைச் செலவை என் அக்கவுண்ட்டுக்கே அனுப்புங்க. இதை யார்கிட்டயும், அம்மாகிட்டயும், நான் சொல்ற வரை சொல்ல வேண்டாம்."

அவர் பதறி வேலையை விட்டுட்டு வர்றேன்னு சொல்வார், இல்லைன்னா தாய் வீட்டுக்குப் போயிடுன்னு சொல்வார். ரெண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். அடுத்த மருத்துவர் சந்திப்புல, மனைவிக்குச் சம்மதம் என்றால், அஞ்சு நிமிஷம் அவரை வீடியோவில சேர்த்து டாக்டரையே சொல்ல வைக்கிறது நல்லது. அதுக்கப்புறம் அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "நேத்து தூங்கினியா?" மாத்திரை சாப்பிட்டியான்னு மிரட்டுறது வேண்டாம்.


பதில் | பாஸ்புக்

நான் வங்கி, ஆவண வேலை பார்ப்பவன். பணத்தில் அதிகாரம் இல்லாததை மேலே ஒருவர் சரியாகச் சொன்னார். அதைச் சீர்செய்யும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மனைவி பெயரில் தனி சேமிப்புக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை அவர் கையில், குறுஞ்செய்தி அவர் எண்ணுக்கு. அனுப்பும் பணத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்: வீட்டுச் செலவு மனைவி கணக்குக்கு, பெற்றோருக்கு உரியது அவர்கள் கணக்குக்கு, கடன் தவணை நேராகக் கடன் கணக்குக்கு. எல்லாம் ஒரே கணக்கில் விழுந்து ஒருவர் மற்றவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலைதான் மாதம் தவறாத சண்டைக்கு வேர். கணவரின் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) மனைவியை "முதலாமவர் அல்லது பின் எஞ்சியவர்" முறையில் கூட்டுப் பெயராகச் சேர்க்கலாம்; ஆனால் கணவர் இருக்கும்போதே மனைவி பணம் எடுக்க அவர் அதிகாரக் கடிதமும் கொடுக்க வேண்டும். வீடு, நிலம் சம்பந்தமான வேலை இருந்தால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் பத்திரம் ஊருக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நிறையப் பேர் பீரோவில் வைத்து நாளைத் தாண்டவிடுகிறார்கள்.

பயணக் கடன் விவரம் மனைவிக்குத் தெரியாமல் வைப்பது அவருக்குச் செய்யும் நன்மை இல்லை. யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, அடகில் எந்த நகை, மீட்கும் தேதி, எல்லாம் ஒரே தாளில் இருவரிடமும் இருக்கட்டும். வட்டிக்காரர் வாசலில் வந்து கத்தும்போது முதல் முறையாகக் கேள்விப்படுவதுதான் பலரை உடைக்கிறது.

செலவுக்குக் கொடுக்காமல் வைப்பது, நகையைப் பிடுங்குவது, வீட்டை விட்டு வெளியேறு என்பது எல்லாம் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வருகிறது. கணவர் வெளிநாட்டில் இருந்தாலும் வீட்டில் உள்ளவர்கள் மேல் புகார் கொடுக்கலாம். 181 மகளிர் உதவி எண்ணில் பேசலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். படத்தை வைத்து மிரட்டுபவன் இருந்தால் பணம் கொடுக்காமல், செய்திகளை அழிக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். இந்த மிரட்டலை யாரிடமும் சொல்ல முடியாமல் ஒடுங்கும் பெண்களுக்கு, "இது உங்க தப்பு இல்லை" என்பதை முதலில் சொல்லிவிட்டு எண்ணைக் கொடுங்கள். கணவரிடமிருந்தே தகவல் நின்றுபோனால் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) இணையதளத்தில் பதிவு செய்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடமும் மனு கொடுங்கள்.


பதில் | சமுதாய நலச் செவிலி

லீவில வந்துபோற விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே. அதை நான் எழுதுறேன்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தஞ்சு நாளோ ரெண்டு மாசமோ. முதல் பத்து நாள் பெட்டி பிரிக்கிறதுலயும் விருந்துலயும் போயிடும், யாருக்கு என்ன வந்தது என்ற மனக்கசப்போட. மனைவி அடுப்படியில நிப்பாங்க. சின்னப் பிள்ளை அப்பாகிட்டப் போகாது, அவர் மனசு நொந்து "என்ன வளர்த்திருக்கே" என்பார். இதுவரை தானே நடத்தின வீட்டுல அவங்க சொல் நிக்காது. பழகி வர்ற நேரத்துல டிக்கெட் தேதி வந்துடும். அவர் போன முதல் ரெண்டு வாரம்தான் கவனிக்க வேண்டிய காலம். அந்தத் தேதியை முன்னாடியே குறிச்சு வச்சுக்கிட்டு, போன நாலாம் அஞ்சாம் நாள் ஒரு தடவை வீட்டுக்குப் போங்க, ரெண்டு வாரம் முடிஞ்சதும் பி.எச்.க்யூ-9 போடுங்க. குழுத் தோழி ஒருத்தரைத் தினமும் எட்டிப்பார்க்கச் சொல்லுங்க.

கருத்தடை பேச்சை அவர் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பேசிடணும். அந்தரா ஊசி மூணு மாசத்துக்கு ஒண்ணு, ஆனா நிறுத்தின பிறகு கரு தங்க ஏழு முதல் பத்து மாசம் ஆகலாம். அடுத்த லீவுல குழந்தை வேணும்னு இருக்கிறவங்களுக்கு அது பொருந்துமான்னு யோசிங்க. குழந்தைக்கு முயற்சி பண்றவங்க மனநல மாத்திரை சாப்பிட்டா தானா நிறுத்தக் கூடாது, லீவுக்கு முன்னாடியே மருத்துவரைக் கேட்கணும், சில மருந்தை மாத்த வேண்டியிருக்கும். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிற வால்ப்ரோயேட் சாப்பிடுறவங்க கண்டிப்பா கேட்கணும். "இந்த லீவுலயும் ஒண்ணும் இல்லையா" என்ற பேச்சு வந்தா, ரெண்டு பேருக்கும் பரிசோதனை தேவை, பெண்ணுக்கு மட்டும் இல்லை என்பதை மாமியார் முன்னாடியே சொல்லுங்க.

அவர் போன பிறகு நாள் தள்ளிப்போனா உடனே துணை சுகாதார நிலையத்துல சிறுநீர்ப் பரிசோதனை பண்ணி, கடைசி மாதவிலக்குத் தேதியோட பதிவு பண்ணிடுங்க. தேதி அட்டையில ஏறிட்டா பிறகு எந்த நாக்கும் கணக்குப் போட முடியாது.


வைகைமுகம்

மிக்க நன்றி எல்லோருக்கும். பி.எச்.க்யூ-9 தமிழ்த் தாளும் மாவட்ட மனநலத் திட்ட அட்டவணையும் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைக்க ஏற்பாடு செய்கிறேன். கேள்வித்தாளை நிரப்பிய பிறகு அந்தத் தாள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.


பதில் | மனநல சமூகப்பணி, மதுரை

குழுப் பதிவேட்டில் கட்டாயம் வேண்டாம். தாளில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள், எண்ணுக்கு உரிய பெயர் தனி நோட்டில், பூட்டிய அலமாரியில், உங்கள் ஒருவரிடம் மட்டும். மருத்துவருக்கு அனுப்பும்போது மொத்த மதிப்பெண்ணையும் ஒன்பதாவது கேள்வியின் பதிலையும் ஒரு சீட்டில் எழுதி அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் பகிர வேண்டாம். குழுவில் இருப்பவர்களின் கணவர்களும் அதே கேம்ப்பில் இருப்பார்கள்.